கூரை ஓரத்துச் சுழல்

சத்துவாச்சாரியில் முக்தார் அகமது நடத்தும் கட்டட ஆலோசனை அலுவலகத்தில் காற்றுக் கணக்கு என்றால் ஷர்மிளாதான். தோல் கம்பெனிகளுக்கு ஷெட் போடுகிறவர்கள், புயல் அடித்தால் கூரை நிற்குமா என்று அவளிடம்தான் வந்து கேட்பார்கள். விதிநூலைப் புரட்டி, அட்டவணை பார்த்து, கையாலேயே கணக்குப் போட்டுக் கொடுப்பாள்.

உமைமா வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. எம்.டெக். முடித்த கையோடு சேர்ந்தவள். கம்ப்யூட்டருக்குள் கட்டடத்தை எழுப்பி, அதைச் சுற்றியுள்ள காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குக் கட்டம் வேகமும் அழுத்தமும் கணக்கிட வைப்பாள். சி.எஃப்.டி. என்பார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாகக் காற்று ஓடும். வருகிற முதலாளிகள் வாய் பிளந்து நிற்பார்கள். ஷர்மிளாவின் அட்டவணையை யார் அப்படிப் பார்த்தார்கள்?

"டீ சாப்ட்டீங்களாக்கா?" என்று உமைமா கேட்டால்கூட ஷர்மிளாவுக்கு வயிறு எரியும். அவள் கெட்டவளாக இருந்திருந்தாலாவது தேவலை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, தன் மாடிக் கட்டடத்தை ஒட்டிப் பெரிய கிடங்கு கட்ட இருந்தது. கூரைத் தகட்டைக் காற்று மேலே இழுக்கும் விசை, ஷர்மிளா போட்டதைவிட உமைமாவின் கணக்கில் ரொம்பக் கம்மி. "ஸ்க்ரூ, கம்பி எல்லாம் மிச்சம்!" என்று முக்தார் சிரித்தார். ஷர்மிளாவின் தாளை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலை, உமைமா எங்கே சறுக்கினாள் என்று தேடுவது. வீடியோ வீடியோவாகப் பார்த்து அந்த மென்பொருளைக் கற்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத அலுவலகத்தில் உமைமாவின் மாதிரியைத் திறந்து, கூரை ஓரத்துக் கட்டங்களை மட்டும் பொடிசாக்கி ஓட்டினாள். பெரிய கட்டங்களுக்குள் கரைந்துபோயிருந்த காற்றுச் சுழல் மூலையில் துலக்கமாக எழுந்தது. இழுவிசை கிடுகிடுவென ஏறியது. சந்தோஷமாக அதைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆம்பூர் கூட்டத்தில், கம்பெனி மேனேஜர் நவீத் முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

"இந்த ரிசல்ட் தப்பு சார். ஓரத்துல கட்டம் ரொம்பப் பெருசா வெச்சிருக்காங்க. இத நம்பிக் கட்டினா கூரை பறந்துடும்."

உமைமா ஷர்மிளாவின் லேப்டாப்பை இழுத்துப் பார்த்தாள். முகம் சிவந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா சொல்றது கரெக்ட் சார். கட்டத்தச் சின்னதாக்கி மறுபடி ஓட்டிப் பாக்காம கொடுத்துட்டேன். என் தப்புதான்."

நவீத் அசந்துபோனார். "இப்படி ஒத்துக்கிற இன்ஜினியர நான் பாத்ததே இல்லம்மா. இனிமே எங்க வேலையெல்லாம் நீங்களே பாருங்க."

சொன்னது உமைமாவிடம்.

திரும்பும் காரில் உமைமா மெல்லக் கேட்டாள். "ஆபீஸ்லயே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருப்பேன்க்கா."

அது நிஜம் என்று ஷர்மிளாவுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மூலைகளில் ஸ்க்ரூவை நெருக்கிப் போட்டு, கிடங்கு எழுந்தது. அடுத்த வருஷம் உமைமா பெங்களூரில் ஒரு காற்றாலை கம்பெனிக்குப் போய்விட்டாள். இப்போது அந்த மென்பொருளும் பெரிய திரையும் ஷர்மிளாவுடையவை. நன்றாகவே செய்கிறாள், ராணிப்பேட்டையிலிருந்துகூட வேலை வருகிறது.

ஆனாலும் ஆம்பூரிலிருந்து போன் வந்தால், "உமைமா மேடம் இல்லீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"இல்ல. நான்தான் இருக்கேன். இன்னா வேணும், சொல்லுங்க" என்பாள் ஷர்மிளா, பல்லைக் கடித்துக்கொண்டு.