ஒன்பதாம் நம்பர் மலையில் விழுந்த கல்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அத்தைக்குப் படித்துக் காட்டியபோது பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னார், மாற்றிவிட்டேன். என் அத்தை செல்வராணி பூனாகலைப் பக்கம் கொழுந்து பறிக்கிறார். வானத்தில் வெடிச்சத்தம் கேட்ட மறுநாள், தேயிலைச் செடிக்கடியில் இருந்த புதுக்குழியில் அவருக்கு ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. அது விண்கல்தானா என்று அறிய, போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவருடன் பதுளைக்குப் போனேன்.

காலை 6.10க்கு பஸ். பண்டாரவளையில் மாறினோம். அங்கிருந்து பதுளை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஆளுக்கு 150 ரூபா. கல்லைப் போட்டு மடியில் வைத்திருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்த கண்டக்டர், “என்னா தங்கச்சி, பட்டாசா?” என்றார். வானத்திலிருந்து விழுந்த கல் என்றேன். “அப்ப அதுக்கும் டிக்கட் போடணும். நம்மள விட தூரத்துலருந்து வந்திருக்கு” என்றார்.

பதுளையில் கனிம ஆய்வு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே கல் ஆய்வு செய்யும் மேடம் வெளிவேலையாகப் போயிருந்ததால் இரண்டு மணி வரை காத்திருந்தோம். வந்ததும் கல்லை நிறுத்தார்: 412 கிராம். லென்ஸ் வழியாக, எரிந்த தோல் போன்ற மேற்பூச்சையும் உடைந்த ஓரத்தில் மின்னும் உலோகப் பொட்டுகளையும் எனக்கும் காட்டினார். விண்கல்லாகத்தான் தெரிகிறது, என்ன வகை என்று சொல்ல ஒரு மூலையை வெட்டிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார். யார், எப்போது, எங்கே எடுத்தார்கள் என்பது உறுதியாகாவிட்டால் கல்லுக்கு மதிப்பில்லையாம்.

அத்தை ஒன்பதாம் நம்பர் மலை என்றார்; தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மலை நம்பர் உண்டு. ஆதாரமாக இருக்கட்டும் என்று, காலையில் ஆட்களை மலைகளுக்குப் பிரிக்கும் பெரட்டில் எழுதிய புத்தகத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைப் பெருமையாக நீட்டினேன். அதில் அன்று அத்தைக்கு நாலாம் நம்பர் மலை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒன்பதாம் மலைக் குழியில் நானே கைவிட்டுப் பார்த்திருக்கிறேன். தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம் என்று சொல்லி மேடம் படிவம் எடுக்கப் போனார்.

“ஒன்ன யாரு புள்ள இதக் கொண்டாரச் சொன்னா?” என்றார் அத்தை, மெதுவாக. அன்று கூடக் கொழுந்து பறிக்கும் மேரி அக்காவுக்குக் கணுக்கால் வீங்கியிருந்ததாம். அவருக்குக் கொடுத்த ஒன்பதாம் மலையோ செங்குத்தானது. பெரட்டு கலைந்ததும் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். அதை யாரும் புத்தகத்தில் எழுதுவதில்லை. இது தெரிந்தால் மேரி அக்காவின் அன்றைய பேரை வெட்டிவிடுவார்கள், சம்பளம் போய்விடும். நாலு என்று சொன்னாலோ கல்லின் இடம் பொய்.

மேடம் திரும்பியதும் அத்தை சொன்னார்: “ஒம்பதுதாங்க. அங்க கொழுந்து நல்லா இருந்துச்சு, நானாத்தான் மாறிப் போனேன். அப்பிடியே எழுதுங்க. வெட்டுறதுன்னா எம்பேர வெட்டட்டும்.”

இடம் உண்மை, காரணம் பொய். மேடம் என்னிடம் குழியைப் பற்றி மட்டும் கேட்டார், பார்த்தேன் என்றேன். காரணத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

உங்களுக்கும் இப்படிக் கல் கிடைத்தால் கழுவாதீர்கள். எடுக்கும் முன் கிடந்த இடத்திலேயே படம் பிடியுங்கள். காந்தம் வைக்காதீர்கள், நான் வைத்தேன், கல்லுக்குள் இருக்கும் பழைய காந்தப்பதிவு அதனால் அழியுமாம். மேடம் இருப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். வகை தெரிய மூன்று மாதமாகும்.

எடுத்தவர் என்ற இடத்தில் அத்தை கையெழுத்திட்டார். சாட்சி என்ற இடத்தில் நான், குழியைப் பார்த்தேன் என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதி முடித்தபோது மணி நாலேகால். அலுவலகம் மூடும் நேரம், அறையின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.