கடற்கரையில் கீரை ஆயக் கூடாது

"நீ கடைசியா எப்பம்மா சும்மா இருந்தே?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போன வருடம், புதுச்சேரி மூலக்குளத்தில், என் மகளின் பள்ளிக்கூட வாசலில் என்னிடம் கேட்கப்பட்டது இது. இதில் வேடிக்கை என்னவென்றால், இதே கேள்வியை ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தவளே நான்தான்.

மகள் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம்தான் நானும் பெண்ணியல் முதுகலையில் சேர்ந்தேன். 'இரண்டே வருடம்' என்று வீட்டில் எல்லாரிடமும் கெஞ்சி வாங்கிய அனுமதி அது. ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, இல்லத்தரசிகளின் ஓய்வு நேரம். கேட்ட பெண்கள் எல்லாரும் "ஓய்வா, எங்களுக்கா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வாரத்துக்குள் உருப்படியான பதில்கள் வராவிட்டால் தலைப்பை மாற்ற வேண்டியதுதான் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். மாற்றினால் படிப்பு தள்ளிப்போகும். அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்.கே.ஜி. மதியமே விட்டுவிடும். அதனால் தொலைவிலிருந்து வரும் அம்மாக்கள் வீட்டுக்குத் திரும்பாமல் வாசல் வேப்பமரத்தடியிலேயே காத்திருப்பார்கள். எனக்கு வகுப்பு இல்லாத ஒரு நாள், அங்கே வழக்கமாக இருக்கும் இரண்டு அக்காக்களிடம், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"டிவி பாப்பேன்" என்றார் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வருபவர். விவசாயக் குடும்பம். மடியில் அப்போதும் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பாத்துக்கிட்டே பூண்டு உரிப்பேன்."

"நான் மத்தியானம் படுப்பேன். குக்கர் விசில எண்ணிக்கிட்டே" என்றார் இன்னொருவர். அவர் கணவருக்கு டவுனில் துணிக்கடை.

நான் விடவில்லை. எதுவுமே செய்யாமல் கடைசியாக எப்போது இருந்தீர்கள் என்று துருவினேன். துணிக்கடை அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தக் கேள்வியை அப்படியே என்னிடம் திருப்பினார்.

"இன்னா அப்டி முழிக்கிற? வா, பீச்சுக்குப் போலாம்."

"இப்பவா? பாப்பாவுக்குச் சளிக்கா. ஸ்கூல்ல கூப்பிட்டாங்கன்னா?"

"கூப்பிட்டா திரும்பி வந்துட்டுப் போறோம். ஃபிரான்சுக்கா போறோம்? ஏறு."

அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். வில்லியனூர் அக்கா தன் வண்டியில் வந்தார். போகும்போதே கணவருக்கு 'பீச்சுக்குப் போறேன்' என்று செய்தி தட்டினேன். அழித்தேன். 'ஆய்வு வேலையாக டவுனுக்கு' என்று அனுப்பினேன்.

கடற்கரைச் சாலையில் நிழல் விழுந்த ஒரு பெஞ்சைப் பிடித்தோம். பாறைகளில் அலை மோதிக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததும் வில்லியனூர் அக்காவின் கை தானாகப் பைக்குள் போய்க் கீரைக்கட்டை எடுத்தது. துணிக்கடை அக்கா வெடுக்கென்று பிடுங்கினார்.

"இங்க கீரையத் தொட்டே, கடல்ல வீசிடுவேன்."

இது அருமையான தகவல் என்று நினைத்து, மறப்பதற்குள் குறித்துக்கொள்ள நான் கைபேசியை எடுத்தேன். அதையும் பிடுங்கினார்.

"இதுவும் கீரைதான்."

கைபேசி கீரையோடு பைக்குள் போனது. ரிங் சத்தத்தை முழுதாக வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அதற்கு மட்டும் சம்மதித்தார்.

எதிரே, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவுக்காக வந்திருந்த ஒரு ஜோடியைப் புகைப்படக்காரர் படம்பிடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வெயிலில் நின்று பெண்ணுக்குக் குடை பிடித்தார்.

"எவ்ளோ ஆசையா பிடிக்கிறாரு பாரு" என்றேன்.

"இப்பப் பிடிப்பாரு. கல்யாணத்துக்கு அப்புறம், என் குடைய எங்கடி வெச்சேன்னு கேப்பாரு" என்றார் வில்லியனூர் அக்கா.

மூவரும் சிரித்த சிரிப்பில் அந்த மணப்பெண்ணே திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு என்ன பேசினோம் என்று சொல்லத் தெரியவில்லை. வில்லியனூர் அக்கா கொஞ்ச நேரம் துணிக்கடை அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, யார் கையையும் பிடிக்காமல் நான் கடலைப் பார்த்தது அன்றுதான்.

பள்ளிக் கேட் திறக்கும்போது திரும்பிவிட்டோம். மகள் என் சேலையை மோந்து பார்த்தாள்.

"அம்மா, பீச்சுக்குப் போனியா? மண்ணு வீடு கட்டினியா?"

"இல்லடா. சும்மா உக்காந்திருந்தோம்."

"சும்மாவா?" என்று பரிதாபமாகப் பார்த்தாள்.

அடுத்த வாரம், நடந்ததையெல்லாம் பேராசிரியையிடம் பயந்து பயந்து சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தலைப்பை மாற்ற வேண்டாம், கேள்வியை மாற்று என்றார். இப்போது நான் யாரிடமும் ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. உங்கள் கையிலிருந்த வேலையை யாராவது பிடுங்கி வைத்தது எப்போது என்று கேட்கிறேன். பெண்கள் சிரித்துவிட்டு, நிறையவே பேசுகிறார்கள். படிப்பும் தள்ளிப்போகவில்லை.

இப்போது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எழுதுகிறேன். அந்தப் பெஞ்சைப் பற்றி எழுதலாமா என்பதில்தான் சிக்கல். எழுதினால், கணவருக்கு அனுப்பிய செய்தி உண்மையாகிவிடும். அதுவும் ஒரு வேலைதான் என்றாகிவிடும். எழுதாமல் விட்டால், அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதிலாவது மிஞ்சும். வாழ்க்கையில் ஒரு முற்பகலாவது எதற்கும் பயன்படாமல் எனக்கே எனக்காக இருக்கட்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதே சமயம், நல்ல அத்தியாயம் ஒன்று வீணாகிறதே என்றும் அடித்துக்கொள்கிறது. வாசகத் தோழிகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கையிலிருக்கும் கீரையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்.