தூண்டிலாகப் போட்ட அருவி

அரசு வேலைத் தேர்வுகளுக்குக் கணக்கு கைடு எழுதுகிறவள் நான். எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. உலகத்தில் இல்லாத ஒன்றைப் புத்தகத்தில் எங்காவது ஒளித்து வைப்போம். அது வேறெங்கே தலைகாட்டினாலும் திருடியவர் கையும் களவுமாகச் சிக்கிக்கொள்வார். போன பதிப்பில் குற்றாலத்துக்கு நானே ஒரு அருவியைக் கொடுத்திருந்தேன், பூவரசம்பாறை அருவி. கீழே நிற்கிற ஆள் அதன் உச்சியை அண்ணாந்து பார்க்கிறார், உயரம் காண்க. பக்கத்தில் ஒரு முக்கோணப் படம்.

புத்தகம் கடைக்கு வந்த கையோடு டெலிகிராமுக்கும் வந்துவிட்டது. சும்மா கிடைப்பதை யார் வாங்குவார்கள்? இந்தத் திருட்டு நின்றால்தான் அடுத்த பதிப்பு என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வயிற்றெரிச்சலோடு சேனல் சேனலாகத் தேடிப் புகார் தயாரித்தேன்.

கடைசியாக அகப்பட்ட சேனலில் முழுக்க ஒலிப்பதிவுகள். தென்காசியில் சாரல் விழுந்த ஒரு மாலை, மேலகரம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு பெண் என் புத்தகத்தை வரி விடாமல் வாசித்துக்கொண்டு போனார். என் அருவியும் வந்தது. வசமாக மாட்டினாய் என்று நினைத்தேன்.

"நம்ம குத்தாலத்துல இப்படி ஒரு அருவி இருக்கது எனக்கே தெரியாது. சரி, படத்துக்கு வருவோம். இடது உள்ளங்கைய விரிங்க. மணிக்கட்டுல ஆள் நிக்காரு. நடுவிரல் நுனியில வலது ஆள்காட்டி விரல நட்டமா நிறுத்துங்க. அதான் அருவி. மணிக்கட்டுலேருந்து அது உச்சிக்கு ஒரு நூலு கட்டுனதா நெனைச்சுக்கிடுங்க. அந்த நூலுதான் அவரு பார்வை."

கண்ணை மூடிக்கொண்டு அப்படியே செய்தேன். இல்லாத அருவி என் கையில் எழுந்து நின்றது. இத்தனை வருடம் ஸ்கேல் வைத்துப் படம் போடுகிறேன், முக்கோணத்தைத் தொட்டுப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"என்னம்மா, கை சுளுக்கிருச்சா?" என்றார் பக்கத்து சீட் ஆச்சி.

வீட்டுக்கு வந்ததும் சேனலில் இருந்த எண்ணை அழைத்து, நான் யாரென்று சொன்னேன். அந்தக் குரல் தணிந்தது. "எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது மேடம். அவருக்காகத்தான் வாசிச்சேன். அவரு கூட்டாளிகளும் கேட்டாங்க, போட்டுட்டேன். தப்புதான். இன்னைக்கே அழிச்சிருதேன்."

"அழிக்க வேண்டாம். புகாரில் உங்கள் சேனல் இருக்காது" என்றேன். பிறகு தயங்கித் தயங்கி, அந்த உள்ளங்கை விளக்கத்தை அடுத்த பதிப்பில் படத்துக்குக் கீழே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"இதுக்கெல்லாமா மேடம் கேப்பாங்க?" என்றார். "எடுத்துக்கிடுங்க."