கோட்டையூர் வீட்டுக்குப் போன நீலக் கல்

ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார், அதற்கு நீதான் காரணம் என்று உங்களுக்கு யாராவது போன் செய்திருக்கிறார்களா? எனக்குச் செய்தார்கள். போன மழைக்காலத்தில், அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் போன் வந்தது.

சபையில் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். என் பெயர் ரூத். காரைக்குடி செக்காலையில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் தாசன் எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கிறார். மைக்கைப் பிடித்துப் பேச எனக்குப் பயம் என்பதால் இந்தச் சாட்சியை எழுதித் தருகிறேன். நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். பல்லி கத்தினால் பயம், போன் அடித்தால் பயம். "நீ பயப்படாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் கேலி செய்வார்.

நான் வீட்டிலேயே வெள்ளியில் கல் வைத்த நகைகள் செய்கிறேன். தோடு, மோதிரம், பதக்கம். எல்லாமே கைவேலை. என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். முன்பெல்லாம் கல் வியாபாரிகளிடம் கிடைத்ததை வாங்குவேன். ஒருமுறை கல்லுக்குப் பட்டை தீட்டும் இடத்துக்குப் போயிருந்தபோது, தூசிக்கு நடுவில் ஒரு பெண் இருமி இருமி வேலை செய்வதைப் பார்த்தேன். இருமும்போதுகூட அவள் கை நிற்கவில்லை. நின்றால் கூலி குறையுமாம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இருமல் காதிலேயே இருந்தது. யார் தோண்டினார்கள், யார் தீட்டினார்கள் என்று தெரியாத கல்லை இனி வாங்குவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

ஆண்டவர் ராசாத்தி அக்காவைக் காட்டினார். காங்கேயம் பக்கம் அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மானாவாரிக் காடு. அதில் கிடைக்கும் கல்லை அவர்களே எடுக்கிறார்கள். அவர்கள் மருமகன் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தண்ணீர் விட்டுத் தூசி பறக்காமல் தீட்டுகிறார். கேட்ட விலையைக் கொடுத்து வாங்குகிறேன். நியாயமான விலைதான், ஆனால் கடை விலையைவிடக் கூடுதல்.

கல் நல்ல கல். வேலையும் நல்ல வேலை. வாங்கத்தான் ஆள் இல்லை. காரைக்குடியில் எந்தக் கண்காட்சியில் மேசை போட்டாலும் வருகிறவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இது எந்த ராசிக்கு?" எந்த ராசிக்கும் இல்லைங்க, அழகுக்குப் போடுறது என்று சொன்னால் எடுத்த மோதிரத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். "சும்மா ஏதாச்சும் ஒரு ராசியைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து ஈ ஓட்டிவிட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு வருவேன். ராசாத்தி அக்காவுக்கு என்ன பதில் சொல்வது, அந்த இரண்டு பெண்களை எப்படி நிறுத்துவது என்று நினைத்தாலே தூக்கம் போய்விடும். ஆண்டவரே, வாங்குகிறவர்களை அனுப்பும் என்று தினமும் ஜெபித்தேன்.

அப்போதுதான் மெய்யம்மை ஆச்சி வந்தார்கள். கோட்டையூரில் பெரிய வீடு. அவர்கள் வீட்டுக்கார ஐயாவுக்குத் தை மாதம் அறுபதாம் கல்யாணம். வருகிற பெண்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு பதக்கம் கொடுக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். என் மேசையில் நீலக் கல் வைத்த பதக்கத்தைப் பார்த்ததும் கண்ணை எடுக்கவில்லை.

"இது நீலமா?" என்று கேட்டார்கள்.

"இல்ல ஆச்சி. இது ஐயோலைட்டுன்னு வேற கல்லு. நெறம்தான் நீலம். விலையும் கம்மிதான்."

"எந்தக் கல்லா இருந்தா என்ன, நீலமா இருக்குல்ல? மூணு நாள் வீட்டுல வச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். ஒண்ணும் ஆகலைன்னா மொத்த ஆர்டரும் ஒனக்குத்தான்."

நீலக் கல்லைப் பற்றி நம் பக்கம் இருக்கிற பயம் உங்களுக்குத் தெரியும். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்பார்கள். அதனால் வாங்கும் முன் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆர்டர் கண்ணுக்குத் தெரிந்தது. பதக்கத்தைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து துள்ளிக் குதிக்காத குறைதான்.

மறுநாள் ராத்திரியே வந்தது அந்தப் போன். ஆச்சியின் மகன். அந்த வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள்.

"நீங்கதான் கல்லு விக்கிறவுகளா? எங்க அப்பச்சி மதுரையில ஐசியூவுல கெடக்காக. ஒங்க கல்லு வந்த மறுநாளே இப்படி ஆயிருச்சு. வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன், ஆத்தா கேக்கல. அவுகளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களைச் சும்மா விடமாட்டேன்."

வைத்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பருப்பு தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரிந்தது.

சேதி எப்படிப் பரவியதோ, கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கம் என் நகைகளை வைத்திருந்த கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நீலத் தோடு வாங்கிய ஒரு டீச்சர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து, என் கையில்கூடக் கொடுக்காமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். காலையிலிருந்து இரவு வரை ஜெபம் பண்ணுகிறவள்தான் நான். ஆனாலும் சொல்கிறேன், வீட்டில் இருந்த மற்ற நீலக் கற்களைத் தொட எனக்கு விரல் வரவில்லை. டப்பாவோடு தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் வைத்தேன்.

"மழையில நனைஞ்சா தோஷம் கரைஞ்சுருமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஐயா போய்விட்டால் நான் எப்படி இந்த ஊரில் நடமாடுவேன் என்பதுதான் மனசு முழுக்க இருந்தது.

அவர் வேலைக்குப் போனதும் அடுப்படியில் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, அந்த ஐயாவைப் பிழைக்க வையும், பழியிலிருந்து என்னைக் காப்பாற்றும், இந்த ஆர்டர் போய்விட்டால் நான் எங்கே போவேன் என்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே என் ஜெபம் என் காதில் விழுந்தது. திடுக்கிட்டேன். எல்லாமே என் பழி, என் ஆர்டர், என் பிழைப்பு. அந்த மனிதர் அதில் எங்கே இருக்கிறார்? அவர் முகம் எனக்குத் தெரியாது. பெயர்கூடத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவர் எவ்வளவு பயந்துபோய்ப் படுத்திருப்பார்! பயம் என்றால் என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு வேறு மாதிரி ஜெபித்தேன். ஆண்டவரே, ஆர்டர் வேண்டாம். பழி வந்தாலும் வரட்டும். கோட்டையூர் ஐயா மூச்சு விடட்டும். அந்த ஆச்சிக்குத் தைரியம் கொடும். என்னைத் திட்டின அந்த மகனுக்கு அவன் அப்பச்சி வேண்டும். இவ்வளவுதான். இதையே சொன்னேன். பாத்திரம் கழுவும்போது சொன்னேன், கடைக்குப் போகும்போது சொன்னேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பயம் இருந்தது. ஆனால் முதல் தடவையாக என்னைப் பற்றிய பயமாக அது இல்லை.

மழை விட்ட ஒரு காலையில் ஆச்சியே போன் செய்தார்கள். "வீட்டுக்கு வந்துட்டோம். நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ." வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஐயாவோடு வந்துவிட்டோம் என்கிறார்களா, ஐயா இல்லாமலா? கேட்க வாய் வரவில்லை. கோட்டையூர் டவுன் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். "அடிக்கமாட்டாக, பேசாம வா" என்றார். அவர் உள்ளங்கையும் வேர்த்துத்தான் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு சாய்வு நாற்காலியில், மெலிந்து போய், சால்வை போர்த்தி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கோட்டையூர் ஐயா! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் டம்ளரை இறக்கிவிட்டு என்னை வினோதமாகப் பார்த்தார்.

ஆச்சி என்னை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியது. பட்டுச் சேலை கட்டி, கார் வாசலில் நின்றாகிவிட்டது. வீட்டில் கல் இருக்கிறதே, ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா படுத்தார். ஆச்சி போய்ப் போய் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவை பார்க்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் கிடந்தார். கார் வாசலிலேயே நின்றது. காரைக்குடியில் ஊசி போட்டு அப்படியே மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம்.

"கல்யாணத்துக்குப் போயிருந்தா நான் சாயங்காலம்தான் வந்திருப்பேன்" என்று ஆச்சி கண்ணைத் துடைத்தார்கள். "இந்தக் கல்லுதான் அவுகளைக் காப்பாத்துச்சு. எங்க பங்காளி வீடுகள்ல எல்லாரும் கேக்குறாக. இதே நீலம்தான் வேணுமாம். எத்தனை இருந்தாலும் கொண்டா."

அன்பானவர்களே, எனக்குத் தலை சுற்றியது. இத்தனை மாதமாக யாரை அனுப்பும் என்று ஜெபித்தேனோ அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். சரி ஆச்சி என்று தலையாட்டினால் போதும். ஆட்டக்கூடத் தயாராகிவிட்டேன். அப்போது ஒரு பயம் வந்தது. அது வேறு பயம்.

"ஆச்சி, கோவிச்சுக்காதீக" என்றேன். "கல்லு அந்த நேரத்துல எங்க இருந்துச்சு?"

"பீரோவுல."

"பீரோவுக்குள்ளதான ஆச்சி இருந்துச்சு? பயந்தது நீங்க. எட்டி எட்டிப் பாத்தது நீங்க. கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனது நீங்க. கல்லு காப்பாத்துச்சுன்னு நான் வித்துட்டா, நாளைக்கு ஒரு வீட்டுல ஒருத்தருக்கு நெஞ்சு வலிக்கும். கல்லு இருக்குல்லன்னு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டாகன்னா? எனக்குப் பயமா இருக்கு ஆச்சி. அப்படிச் சொல்லி என்னால விக்க முடியாது."

ஆச்சியின் முகம் சுருங்கிவிட்டது. முடிந்தது, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். நாற்காலியிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அந்தப் பொண்ணு சொல்றது வாஸ்தவந்தான். ரெண்டு பயந்தாங்கொள்ளிக சேந்து என்னைப் பொழைக்க வச்சிருக்கீக."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். ஆச்சி அவரை முறைத்தார்கள். முறைத்துக்கொண்டே அழுதுவிட்டார்கள். பிறகு என்னிடம், "வந்ததும் வராததுமா என்னமோ வேண்டுன மாதிரி சொன்னியே, என்ன அது?" என்று கேட்டார்கள்.

"ஐயாவுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன் ஆச்சி. அதான், அவுகளைப் பாத்ததும் நன்றி சொல்லிட்டேன்."

"எங்க மகன் ஒன்னை அம்புட்டுப் பேச்சுப் பேசுனானே, அதுக்கப்புறமுமா?"

"அன்னைக்குத்தான் ஆச்சி ஆரம்பிச்சேன்."

ஆச்சி எழுந்து போய்த் தன் கையாலேயே காபி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

நீலம் வேண்டும் என்று கேட்டவர்களில் அநேகம் பேர், ராசி இல்லையாம் என்று தெரிந்ததும் விலகிவிட்டார்கள். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆச்சி ஆர்டரை மாற்றவில்லை. மொட்டை மாடிக்குப் போய் டப்பாவை நானே எடுத்துவந்தேன். இரண்டு பெண்களும் நானும் மார்கழி முழுக்க உட்கார்ந்து செய்தோம். ராசாத்தி அக்காவையும் கல்யாணத்துக்கு அழைத்தே ஆக வேண்டும் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள்.

தையில் அந்தக் கல்யாணம் நடந்தது. ஐயா மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார். பதக்கம் வாங்கினவர்கள், ஏது இது, எங்கே வாங்கினது என்று கேட்க, ஆச்சி ஒவ்வொருவரையும் ராசாத்தி அக்காவிடம் கூட்டிப்போய், "இவுக காட்டுல எடுத்த கல்லு" என்று காட்டினார்கள். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் எடுத்த கல்லை ஒருவர் கழுத்தில் போட்டு அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாராம். எப்படித் தோண்டுவீர்கள், எவ்வளவு ஆழம், வெயிலில் கஷ்டமில்லையா என்று பட்டுச் சேலைப் பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அன்று என் நம்பரை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் இன்று என் வாடிக்கையாளர்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தங்கள் சொந்தக்காரர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். அந்த மகன்கூடத் தன் மனைவிக்கு ஒரு தோடு கேட்டுப் போன் செய்தார். பழக்க தோஷம், அவர் நம்பரைப் பார்த்ததும் முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனை எடுத்தேன்.

என் பயத்தை ஆண்டவர் எடுத்துப்போடவில்லை. இப்போதும் பயந்தவள்தான். ஆனால் பயம் வரும்போதெல்லாம், யாருக்காகப் பயப்படுகிறாய் ரூத் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எனக்காக மட்டும்தான் என்றால், இன்னொருவர் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஏதாவது ஒரு போன் வந்திருக்கலாம், அல்லது வரப்போகிறதோ என்று நடுங்கிக்கொண்டிருக்கலாம். உங்களுக்காக ஜெபியுங்கள், தப்பில்லை. ஜெபித்து முடித்த பிறகு எழுந்துவிடாதீர்கள். உங்களைத் திட்டியவரின் வீட்டில் யார் படுத்துக் கிடக்கிறார்களோ, அவர்களுக்காக இன்னும் கொஞ்ச நேரம் முழங்காலில் இருங்கள்.