குகைச் சுவருக்கு அடியில்

அந்த மனிதர் எங்களுக்கு உதவினாரா, வம்பில் மாட்டிவிட்டாரா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

குமுளிக்கு அருகே ஒரு தீம் பார்க் விடுதியில் தங்கப் போனோம். அறைகள் எல்லாம் குகைகள். என் நான்கு வயது மகள் வாசலிலேயே நின்று, "உள்ள கரடி இருக்கும்மா" என்று அழுதாள்.

பெட்டி தூக்கி வந்தவர் ஆதிமனிதர் வேடத்தில் இருந்தார். புலித்தோலுக்கு உள்ளே ஸ்வெட்டர். சாவியால் சுவரைச் சுரண்டினார்.

"பாரு தாயி, அடியில நீலம். முன்னாடி இது கப்பல், நான் கொள்ளைக்காரன். அதுக்கு அடியில தங்கக் கலரு. அப்ப அரண்மனை, நான் ராசா."

"அதுக்கும் அடியில?"

"ஏலக்கா ஸ்டோரு. மோந்து பாரு."

"கரடி?"

"கரடிக்கு முதலாளி இன்னும் ஆர்டர் போடல."

"ஏனுங்க, செவுரு கெட்டுப் போகாதுங்களா?" என்றேன்.

"அடுத்த மாசம் பனிமலை ஆக்கப் போறாகம்மா."

மகள் சுவரை மோந்தபடியே தூங்கிப்போனாள்.

இப்போது சித்தூரில், எங்கள் வாடகை வீட்டுச் சுவரைக் கரண்டியால் சுரண்டுகிறாள், முன்பு நாம் என்னவாக இருந்தோம் என்று பார்க்க. இதுவரை பச்சை, மஞ்சள், கொஞ்சம் செங்கல். நானும் ஒருமுறை மோந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அம்மா வருகிறார். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் காலண்டர் மாட்டியிருந்தால் சந்தேகப்படுவாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.