ஸ்டெல்லா அக்காவும் பொருந்தாத கிண்ணங்களும்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி மயிலாப்பூரில் என் டியூஷன் வகுப்புக்கு வந்தது. சார் எங்கள் போன்களை எல்லாம் வாங்கித் தன் மேசை மேல் வைத்துவிடுவார். எங்கள் விண்ட்சர்ஃபிங் கிளப்பில் மீட்புப் படகு ஓட்டும் அந்தோணி அண்ணன் மூன்று முறை அழைத்திருக்கிறார். நான்காவது முறை சாரே எடுத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "யாரும்மா ஸ்டெல்லா?" என்றார்.

அதுவரை நான் அக்கா மேல் கோபமாக இருந்தேன். அன்று பட்டினப்பாக்கத்தில் இருவரும் சேர்ந்துதான் கடலில் இறங்கினோம். நான் முதலில் கரையேறிவிட்டேன். போர்டின் மேல் காற்றைப் பிடிக்கும் ஈரப் பாயைத் தனியாகச் சுருட்டிக் கட்டினேன். உதவிக்கு வரவில்லையே, இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறாரே என்று மனதுக்குள் திட்டிவிட்டு ஆட்டோ ஏறினேன். அப்போது அவர் தன் பாய்க்கு அடியில் தண்ணீரில் கிடந்தார்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் நான் படிக்க வேண்டிய தாள் இதுவல்ல. அது கிளப் செயலாளர் ஐயா எழுதிக் கொடுத்தது. இதை வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். நாளை உங்கள் முன் இதைத்தான் படிக்கப் போகிறேன்.

அக்கா எங்கள் கிளப்பின் போர்டுகளைப் பார்த்துக்கொண்டவர். போட்டிகளில் எங்களுக்காகப் போர்டு ஓட்டியவரும் அவர்தான். நான் சேர்ந்த முதல் வாரம் பாயைத் தூக்க முடியாமல் பதினோரு முறை தண்ணீரில் விழுந்தேன். அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். "இன்னா பாப்பா, மீனு புடிக்க வந்தியா, போர்டு ஓட்ட வந்தியா? எங்கம்மாகிட்ட சொல்றேன், கூடையோட வரட்டும்" என்றார். அவருடைய அம்மா மேரியம்மா மந்தைவெளியில் மீன் விற்பவர். இப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

போர்டையும் பாய்மரத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது கையில் அடங்கும் ஒரு ஜாயின்ட். அதன் நடுவில் கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த ரப்பர் இருக்கும். அது வளைவதால்தான் பாய் எல்லாப் பக்கமும் சாய்கிறது. வெயிலிலும் உப்பிலும் அந்த ரப்பர் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் இற்றுப்போகும். அக்கா ஒவ்வொரு முறையும் அதை இரண்டாக மடக்கி, மடிப்பில் நகத்தை வைத்துக் கீறிப் பார்ப்பார். வெள்ளைக் கோடு தெரிந்தால் ஒதுக்கிவிடுவார். எனக்கு அவசரமாக இருக்கும். "போதும்கா" என்பேன். "காத்து சொல்லிகினு வரும் பாப்பா. ரப்பரு சொல்லாம பூடும்" என்பார்.

மழைக்காலம் முடிந்தபோது எல்லா ரப்பரிலும் கோடு விழ ஆரம்பித்திருந்தது. புதிய ஜாயின்ட் வேண்டும் என்று அக்கா செயலாளரிடம் கேட்டார். பழையது ஒன்றை அவர் மேசையிலேயே வைத்து, மேல்முனையைத் தொட்டுக் காட்டினார். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இரும்புப் பின், பாய்மரத்தின் அடியில் உள்ள ஓட்டையில் நுழைந்து பூட்டிக்கொள்ளும். எங்களிடம் இருக்கும் எல்லாப் பாய்மரத்துக்கும் அடி அப்படித்தான். "இதே மாரி பின்னு வெச்சது சார்" என்று இரண்டு முறை சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

பெட்டி வந்தது. உள்ளே ஆறு ஜாயின்ட்கள், எல்லாம் புது ரப்பர். ஆனால் ஒன்றிலும் பின் இல்லை. அந்த இடத்தில் பக்கவாட்டில் இரண்டு துளை போட்ட கிண்ணம் இருந்தது. அது வேறு வகைப் பாய்மரத்துக்கானது. அக்கா ஒன்றை எடுத்துப் பாய்மரத்தின் அடியில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "பின்னு கேட்டா கிண்ணம் வாங்கியாந்துகிறாரு. இத்துல பாயசம் ஊத்திக் குடிக்கலாம்."

செயலாளரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பார்க்க இதுதான் ஸ்ட்ராங்கா இருந்தது, ஸ்டெல்லா. எல்லாத்துக்கும் குறை சொல்லாதே, எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார். பெட்டியைத் திருப்பி அனுப்பினால் தவறு தன்னுடையது என்று எழுத வேண்டியிருக்கும். அதனால் அது அலமாரி மேல் ஏறியது. நாங்கள் பழைய ரப்பர்களில் தேறியதைப் பொறுக்கி ஓட்டினோம்.

அக்கா இறந்த அந்தச் சனிக்கிழமை கிளப்புக்கு விருந்தினர்கள் வந்தார்கள். செயலாளர் இரண்டு போர்டுகளாவது கடலில் இருக்க வேண்டும் என்றார். அக்கா, "ரெண்டுக்கு ஜாயின்ட் இல்ல சார், ஒண்ணு தான் நல்லா கீது" என்றார். "அதான் புதுசா ஆறு வாங்கிக் கொடுத்திருக்கேனே. உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லு, வேற ஆள் பார்த்துக்கறேன்" என்றார் அவர். விருந்தினர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒதுக்கிவைத்திருந்த பழையதில் ஒன்றை எடுத்து வந்தார்.

அவர் விழுந்தபோது ரப்பர் அறுந்திருந்தது. போர்டு காற்றோடு தனியாகப் போய்விட்டது. இடுப்புக் கொக்கியில் மாட்டியிருந்த பாய் அவர் மேலேயே விழுந்தது. அந்தோணி அண்ணன் கரையில் விருந்தினர்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் படிக்க வேண்டிய தாளைக் கொண்டுவந்து, அதில் கையெழுத்தும் கேட்டார். 'புதிய ஜாயின்ட்கள் இருந்தும் ஸ்டெல்லா தன் விருப்பப்படி பழையதைப் பயன்படுத்தினார். இதை நான் நேரில் பார்த்தேன்.' தி. நகரில் அப்பாவின் ஜவுளிக்கடை அவருடைய கட்டடத்தில் இருக்கிறது. அவர் போனபின் அப்பா சொன்னார். "ஏட்டி, அவரு எடத்துல கடைய வச்சிக்கிட்டு அவரையே எதுத்துப் பேசுதியா? போட்டுக் குடுத்துட்டுப் பேசாம கெட." நான் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அப்பா பாராட்டினார்.

மறுநாள் மந்தைவெளியில் மேரியம்மா என்னை நிறுத்தினார். கடை போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். "பழச வெச்சே ஓட்டுவேன்னு திமிரு புடிச்சிகினு போனாளாம். அப்டி சொல்றாங்க எல்லாரும். நீ கூடத்தான இருந்த பாப்பா. எம்பொண்ணு அவ்ளோ அலட்சியமாவா இருந்தா?" என்றார். நான் பஸ் வருகிறது என்று சொன்னேன். பஸ் எதுவும் வரவில்லை.

மேரியம்மா, அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன். நான் கையெழுத்துப் போட்டது பொய். அப்பா, மன்னித்துவிடுங்கள். செயலாளர் ஐயா, அந்தப் பெட்டி இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. கீழே இறக்கி, இவர்கள் எல்லோரும் பார்க்க ஒன்றைப் பாய்மரத்தில் பொருத்திக் காட்டுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எனக்கு அதிகப் பயம். கடலில் இறங்குவதற்கு முன் அக்கா இரண்டு பழைய ஜாயின்ட்களையும் மடக்கி, நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு என் போர்டில் ஏற்கெனவே மாட்டியிருந்ததைக் கழற்றித் தன் போர்டில் போட்டுக்கொண்டார். தன்னுடையதை எனக்கு மாட்டினார். "லேட் ஆகுதுக்கா, எதுக்கு மாத்துறீங்க?" என்று நான் எரிச்சலோடு கேட்டேன். "சும்மா நில்லு. நான் கரையோரமாவே சுத்திகினு வந்துட்றேன்" என்றார்.

உங்கள் மகள் அலட்சியமாக இருக்கவில்லை, மேரியம்மா. எது நல்லது என்று அவருக்குத் தெரியும். அது என்னிடம் இருக்கிறது. ரப்பரில் ஒரு கோடுகூட இல்லை.