தயக்கமின்றிச் சொன்ன சாட்சி

சட்டசபையில் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பேர் சொல்லவில்லை, "ஒரு பெண் தொழிலாளர்" என்றார்கள். ஆனால் அது நான்தான். எங்கள் வார்டு கவுன்சிலர்கூட என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் சொன்னதை ஒரு மூத்த அமைச்சர் எழுந்து நின்று வாசிக்க, ஆளுங்கட்சிப் பக்கம் முழுக்க மேசையைத் தட்டியது. கொடுத்து வைத்தவள்தான். நான் சொன்னது உண்மையாக மட்டும் இருந்திருந்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

கேள்வி என்னவோ செலவைப் பற்றியது. இத்தனை விசாரணைக் கமிஷன் போட்டீர்களே, எவ்வளவு செலவு, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில், செக்கிங் டேபிள் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அமைச்சர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். உண்மைக்கு விலை பேச இந்த அரசு தயாராக இல்லை என்றார். தட்டினார்கள். முந்தைய ஆட்சியின் கமிஷன்கள் இதைவிட அதிகம் செலவழித்து இதைவிடக் குறைவாகக் கண்டுபிடித்தன என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். சரி, எவ்வளவுதான் செலவு என்று எதிர்க்கட்சிக்காரர் விடாமல் கேட்டதற்கு, விவரம் அவையின் மேசையில் வைக்கப்படும் என்று பதில் வந்தது. இந்தத் தட்டுத் தட்டினால் வைத்தது மேசையில் நிற்குமா என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

அப்புறம்தான் அமைச்சர் அதைச் சொன்னார். "அந்தப் பனியன் ஆலைத் தீ விபத்தில் அவசரகாலக் கதவு பூட்டியிருந்ததாக வதந்தி பரப்பினார்கள். கதவு எந்நேரமும் திறந்தே இருந்தது என்று அங்கே பணிபுரிந்த பெண் தொழிலாளர் ஒருவரே தயக்கமின்றிச் சாட்சியம் அளித்திருக்கிறார்."

தயக்கமின்றி என்ற ஒரு சொல் மட்டும் அதில் சத்தியம். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

கதவு பூட்டித்தான் இருந்தது. நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் மாடியோடு கூடிய ஒரு யூனிட் அது. பின்பக்கப் படி வழியாகத் தைத்த பீஸ் திருட்டுப் போகிறது என்று முதலாளி அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். சாவி மேனேஜர் பையில் இருக்கும். கீழே வேஸ்ட் துணி மூட்டையில் தீப்பிடித்துப் புகை மாடிக்கு ஏறிய அன்று, மேனேஜர் சாவியோடு சோமனூரில் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். நான் மாடியில் முன்படிப் பக்கம் இருந்ததால் இருமிக்கொண்டே இறங்கிவிட்டேன். கடைசி மிஷினில் இருந்த ஓவர்லாக் டெய்லர் அக்கா பின்கதவை இழுத்துப் பார்த்திருக்கிறார். திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்தார்.

யாரும் சாகவில்லை. அக்காவுக்கு இடுப்பு முறிந்தது. வலது காலால் இனி மிஷின் பெடலை மிதிக்க முடியாது என்றார் டாக்டர். டெய்லருக்குக் கால் போனால் பிழைப்புப் போன மாதிரிதான். அக்கா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கதவு திறந்துதான் இருந்தது, இந்த அம்மாள் பதறிப்போய்க் குதித்தார், அதற்கு நிர்வாகம் என்ன செய்யும் என்று கம்பெனி வக்கீல் பதில் கொடுத்தார். ஆக, அக்காவின் மிச்ச வாழ்க்கை அந்தக் கதவில் தொங்கியது.

அது தெரிந்தும் ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் கேட்காமலே புரிந்துவிடும்.

வெளிநாட்டு பையர் ஆர்டர் கொடுக்குமுன், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கும் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார். அன்றைக்கு ஒருநாள் கம்பெனி சொர்க்கலோகம். முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும், பாத்ரூமில் சோப்பு இருக்கும், பின்கதவில் பூட்டு இருக்காது. ஒரு வாரம் முன்பே எச்.ஆர். பொண்ணு கேள்வி பதிலை அச்சடித்து வந்து எங்களை ஒப்பிக்க வைக்கும். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு மணி நேரமுங்க. ஓவர்டைம்? இஷ்டப்பட்டா மட்டுமுங்க. குடிதண்ணி? சுத்தமா இருக்குங்க. எமர்ஜென்சி டோர்? எப்பவும் திறந்திருக்குங்க. யாராவது உளறினால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் எல்லோர் வேலையும் போய்விடும். அதனால் இதைப் பொய் என்றே நாங்கள் நினைத்ததில்லை. நான் அதில் கெட்டிக்காரி. ஆடிட்டர் வரும் வழியில் பார்த்து என்னைத்தான் நிறுத்துவார்கள். ஒவ்வொரு ஆடிட் முடிந்ததும் லட்டும் கிடைக்கும். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

தீ விபத்துகள் பற்றி விசாரிக்கக் கமிஷன் போட்டபோது அக்கா சார்பில் பேச வேண்டும் என்று நானாகத்தான் பெயர் கொடுத்தேன். வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தில் விசாரணை நடந்தது. மணமேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி, அவர் நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு, கீழே வக்கீல்களுக்குச் சோபா, எல்லோருக்கும் முந்திரி பிஸ்கட். வாசலில் நின்ற கார்களைப் பார்த்து, எந்த ஊட்டுக் கல்யாணமுங்க என்று ஒரு பெரியவர் என்னிடமே விசாரித்தார். பஸ்ஸில் வரும்போது, பூட்டியிருந்துச்சுங்க, பூட்டியிருந்துச்சுங்க என்று எனக்குள் சொல்லிக்கொண்டேதான் வந்தேன்.

கமிஷன் வக்கீல் நல்ல மனுஷன். கையில் ஒரு பேடு வைத்துக்கொண்டு, பயப்படாமச் சொல்லுங்கம்மா என்றார். ஆடிட்டரும் அப்படித்தான் சொல்வார். முதல் கேள்வி, எத்தனை மணி நேரம் வேலை. எட்டு மணி நேரமுங்க. ஓவர்டைம்? இஷ்டப்பட்டா மட்டுமுங்க. குடிதண்ணீர்? சுத்தமா இருக்குங்க. அவசரகாலக் கதவு? எப்பவும் திறந்திருக்குங்க. பள்ளத்தைக் கண்ட தண்ணீர் மாதிரி வாய் அதுபாட்டுக்கு ஓடிவிட்டது. போதாக்குறைக்கு, ஆடிட்டரிடம் சிரிக்கிற மாதிரி சிரிக்கவும் செய்தேன்.

கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. "சார், ஒண்ணு மாத்தணுமுங்க" என்றேன். "மாத்தணும்னா தனியா மனுப் போடுங்க, கமிஷன் இருக்கற வரைக்கும் போடலாம்" என்று சொல்லிவிட்டு கிளார்க் அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்.

போட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது. எப்படி விசாரணை போச்சு என்று கேட்ட அக்காவிடம், கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனுங்க என்றேன். அதுவும் பொய்யில்லை. அடுத்த வாரம் மனுப் போடலாம் என்று இருந்தேன். அதற்குள் கமிஷனின் காலம் முடிகிறது என்று பேப்பரில் பார்த்துப் பதறினேன். மறுநாளே கால நீட்டிப்பு என்று செய்தி வந்தது. அப்பாடா, இன்னும் ஆறு மாசம். அது முடியப்போகும்போது இன்னொரு நீட்டிப்பு. கமிஷனுக்கு அரசாங்கம் நீட்டிப்புக் கொடுக்கக் கொடுக்க எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். இத்தனை செலவில் என்ன செய்தார்கள் என்று சட்டசபையில் கேட்கிறார்கள். என்னைப் போல ஒரு கோழைக்கு வருஷக்கணக்காக நிழல் கொடுத்தார்கள், அதையும் கணக்கில் சேர்க்கட்டும். கடைசியில் அவர்கள் அறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். நான் மனுவைக் கொடுக்கவில்லை.

அமைச்சர் பேசிய அன்றே அரைநாள் லீவு போட்டு அக்காவின் வக்கீலைப் பார்க்கப் போனேன். முழுவதும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "கோர்ட்டுல வந்து உண்மையைச் சொல்லலாம்மா. ஆனா, அமைச்சரே சபையில படிச்சதுக்கு மாத்தி இப்ப எதுக்குச் சொல்றீங்கன்னு அவங்க கேப்பாங்க. பொய்ச்சாட்சின்னு உங்க மேலயே திருப்புவாங்க. பரவாயில்லையா?" பரவாயில்லீங்க என்றேன். "அப்படின்னா முதல்ல அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு வாங்க."

அதைத்தான் என்னால் செய்ய முடியாமல் இருந்தது. சாயங்காலம் போனேன். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, கூலி வேலையாக வீட்டுக்கு வாங்கி வந்த டீசர்ட்டுகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் செய்தி பார்த்திருந்தார்.

"கேட்டியா கண்ணு? எவளோ ஒருத்தி கதவு தொறந்திருந்துச்சுன்னு சொல்லியிருக்கறா. எவ்வளவு வாங்கினாளோ, நாசமாப் போறவ."

"ஒண்ணும் வாங்கலீங்க்கா" என்றேன். "நாந்தானுங்க சொன்னேன்."

கத்தரி நின்றது. "மெரட்டினாங்களா கண்ணு?"

"இல்லீங்க."

"பின்ன?"

"ஆடிட்டுல சொல்லிச் சொல்லி... வாய்ல வந்துருச்சுங்க."

அக்கா கத்தரியைக் கட்டிலில் வைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"காசு வாங்கிட்டுச் சொல்லியிருந்தா, பாதி எனக்குக் குடுடின்னு சண்டை போட்டிருப்பேன். பயந்துட்டுச் சொல்லியிருந்தா போய்த் தொலையுதுன்னு உட்டிருப்பேன். பழக்கத்துல சொன்னேங்கற. இதுக்கு நான் உன்னைய என்ன பண்றது?"

அழுதேன். அக்கா அழவில்லை, பிசிறு வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

பத்து நாள் கழித்துக் கோர்ட்டில் கதவு பூட்டியிருந்தது என்று சொன்னேன். கம்பெனி வக்கீல் என்னைப் பிழிந்து எடுத்தார், அமைச்சர் பேச்சை வரி வரியாக வாசித்துக் காட்டினார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. வெளியே வந்தபோது அக்கா கைத்தடியை ஊன்றி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வாங்க, உக்காருங்க" என்றார். "தண்ணி குடிக்கறீங்களா?"

அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.